கதிர்காமப் பாதயாத்திரை: திருகோணமலையில் இருந்து தனியாகச் சேர்ந்தால் துணை கிடைக்குமா?

உப்புவெளித் தம்பி | மே 24

எல்லோருக்கும் வணக்கம். ஒவ்வொரு வருடமும் நிலாவெளி றோட்டில் வேலும் காவியுமாய் ஒரு கூட்டம் கதிர்காம முருகனிடம் நடந்து போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அம்மா வாசலில் குடம் நிறைய மோர் கரைத்து வைப்பார். பேணியில் அள்ளிக் கொடுப்பது என் வேலை. குடித்து முடித்ததும் தலையில் கை வைத்து "நல்லா இரு சாமி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பத்து வயதுப் பிள்ளையை யாராவது சாமி என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்! அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது எனக்கு 26 வயது. வேலை செய்கிற கடையில் ஒரு மாதத்துக்கு மேல் லீவு தந்திருக்கிறார்கள். இந்த வருடம் நானும் நடக்கப் போகிறேன். கூட வர ஒருவரும் இல்லை. அப்பா இல்லை, நண்பர்கள் வெளிநாட்டில். அம்மா "தனியப் போகாதே, முன்பின் தெரியாத ஆக்களோட காட்டுக்குள்ள எப்படிப் போவாய்" என்கிறார். முன்கூட்டியே ஒரு குழுவில் பெயர் கொடுக்க வேண்டுமா? இடையில் சேர்கிறவனை, அவ்வளவு தூரம் ஒன்றாக நடந்து வந்தவர்கள் ஏற்றுக்கொள்வார்களா? போனவர்கள் சொல்லுங்கள்.

கோணேசர் வீதி | மே 24

தம்பி, நான் 2011, 2014, 2018 என்று மூன்று முறை நடந்தவன். மூன்று முறையும் தனியாகத்தான் வெளிக்கிட்டேன். திரும்பி வரும்போது தனியாக வரவில்லை.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்குகிற கூட்டம் வற்றாப்பளை அம்மன் பொங்கலைப் பார்த்துவிட்டு, முல்லைத்தீவைக் கடந்து புல்மோட்டை, திரியாய், குச்சவெளி, நிலாவெளி என்று உங்கள் வாசலுக்கு வரும். பிறகு டவுனுக்குள் வந்து கோணேசரைக் கும்பிட்டு, கோயில் மடத்தில் ஒரு இரவோ இரண்டு இரவோ தங்குவார்கள். அந்த இரவு போங்கள். பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு, வேலுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, வேல் ஏந்தி முன்னால் நடக்கிற வேல்சாமியிடம் "நானும் வாறன் சாமி" என்று சொல்லுங்கள். அவர் திருநீறு பூசி விடுவார். சேர்கிற முறை அவ்வளவுதான். எந்த ஊர், என்ன சாதி, எவ்வளவு காசு கொண்டு வந்திருக்கிறாய் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்கிறீர்கள். 1972இல் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்க இளைஞர் இந்த வழியில் முதல்முறை நடந்தார். தமிழ் முழுதாய்த் தெரியாத காலம். அவரையே சாமி என்று கூட்டிக்கொண்டு போனவர்கள், உப்புவெளிப் பிள்ளையை விடுவார்களா?

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். முதல் இரண்டு நாளும் தனிமையாகத்தான் இருக்கும். அவர்கள் இருபது நாளாக ஒன்றாகப் படுத்து எழும்பினவர்கள், பேச்சு அவர்களுக்குள்ளே ஓடும். அதை மனம் நோக எடுக்காதீர்கள். மூன்றாம் நாள் உங்கள் கால் எந்த வேகத்துக்கு வருகிறதோ, அந்த வேகத்தில் நடக்கிற ஒருவர் பக்கத்தில் இருப்பார். அவர்தான் உங்கள் துணை. நாங்கள் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, கால் தேர்ந்தெடுக்கும்.

மூதூர் அக்கா | மே 25

கோணேசர் வீதி அண்ணா சொன்னது முழுக்கச் சரி. அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் அம்மாமார்தான் என்பதையும் தம்பியின் அம்மாவிடம் சொல்லுங்கள், பயம் தெளியும். அறுபது, எழுபது வயது. சிலர் வருடா வருடம் நடக்கிறார்கள்.

காலம் பிந்தினால் கச்சான் காற்று முகத்தைச் சுட்டுவிடும். ஆகையால் விடிய மூன்று, மூன்றரைக்கே எழும்பி வெளிக்கிட்டுவிடுவார்கள். பத்து மணிக்குள் அடுத்த கோயில். பின்னேரம் வெயில் தாழ மறுபடி கொஞ்ச தூரம். பகலில் நித்திரை கொள்ளப் பழகுங்கள்.

நான் நடந்த வருடம் வாகரை தாண்டினதும் என் காலில் முள் ஏறிவிட்டது. வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் நொண்டி நொண்டிப் பின்னால் போனேன். கிளிநொச்சிப் பக்கத்து அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, றோட்டோரம் பாலை மரத்துக்குக் கீழே உட்கார வைத்தார். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். எனக்குக் கூச்சம், வயதில் பெரியவர் மடியில் கால் வைப்பதா என்று இழுத்தேன். "சும்மா இரு பிள்ளை" என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தாலிக்கொடியில் கோத்திருந்த சட்டைப்பின்னை எடுத்து, வாயில் வைத்துத் துடைத்து, முள் போன பாதையிலேயே மெல்லக் கிளறினார். அரை அங்குலம் வந்தது. அதில் திருநீறு அப்பிவிட்டு, அந்த முள்ளை என் உள்ளங்கையில் வைத்து "இதையும் முருகனிட்டக் கொண்டு போ" என்றார். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கதிர்காமம் வரை "அம்மா" என்றுதான் கூப்பிட்டேன்.

தம்பி, பாட்டா செருப்பு ஒன்று, ஒரு துவாய், இரண்டு சாரம், படுக்க ஒரு விரிப்பு, ரொர்ச், ஜீவனிப் பக்கெற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) பத்து. இதற்கு மேல் தூக்கினால் வெருகலில் யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் போவீர்கள்.

வாழைச்சேனை 87 | மே 25

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. முன்கூட்டியே ஆட்களோடு கதைத்துப் பழகுவது நல்லது. இப்போது வட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. எங்கே நிற்கிறார்கள், உகந்தைமலை முருகன் கோயிலில் இருந்து கதிர்காமம் போகிற காட்டுப் பாதை எப்போது திறக்கிறது, தண்ணீர் பவுசர் எங்கே நிற்கும் எல்லாம் தெரிந்துவிடும்.

ஆனால் காசு கேட்கிறவர்களை நம்ப வேண்டாம். சில வருடத்துக்கு முன் ஒருவர் "சாப்பாடு, தங்குமிடம், காட்டுக்குள் சாமான் கொண்டுபோக றக்டர், எல்லாம் என் பொறுப்பு" என்று எங்கள் ஐந்து பேரிடம் காசு வாங்கினார். பொத்துவில் வரை வந்தார். அடுத்த நாள் விடிய ஆள் இல்லை. நாங்கள் கையில் ஒன்றும் இல்லாமல் உகந்தைமலை வாசலில் இருந்து அழாத குறை. பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த திருக்கோவில் குடும்பம் ஒன்று எங்களைக் கேட்காமலே ஐந்து பேருக்கும் சேர்த்து அரிசி போட்டது. காடு முடியும் வரை அவர்கள் பானையில்தான் சாப்பிட்டோம். நாங்கள் விறகு பொறுக்கினோம், தண்ணீர் சுமந்தோம்.

கோணேசர் வீதி | மே 25

தம்பி, உங்களுக்கு நடந்ததைக் கேட்க மனம் வருந்துகிறது. ஆனால் உங்கள் கதையிலேயே பதில் இருக்கிறது. காசு கொடுத்துப் பிடித்த துணை போய்விட்டது, அடுப்படித் துணை கதிர்காமம் வரை வந்தது.

பாதை திறக்கும் திகதி அறிய வட்ஸ்அப் நல்லது, மறுக்கவில்லை. அது வருடத்துக்கு வருடம் மாறும், ஏறத்தாழ இரண்டு கிழமைதான் திறந்திருக்கும். நடக்கும்போது மட்டும் போனைப் பைக்குள் போடுங்கள். காதில் வயரைச் செருகிக்கொண்டு நடக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு யார் பேச்சுக் கொடுப்பது?

பாரிஸ் நிலாவெளி | மே 26

அண்ணாமார், அக்காமார், வணக்கம். நான் பிறந்தது நிலாவெளி, இருப்பது பிரான்ஸ். கதிர்காமம் நடக்கக் கிடைக்கவில்லை, அந்த ஏக்கம் இருக்கிறது. ஆனால் 2019இல் ஸ்பெயினில் சந்தியாகோ பாதையில் நடந்தேன். பிரான்ஸ் எல்லையில் உள்ள சென் ஜோன் பியே து போர் என்ற சின்ன ஊரில் தொடங்கி, பிரனீஸ் மலையைக் கடந்து 780 கிலோமீற்றர் வரும். எனக்கு 34 நாள் எடுத்தது. புனித யாக்கோபின் கல்லறை இருக்கிற தேவாலயத்தில் முடிகிறது.

அங்கே வழி முழுக்க மஞ்சள் அம்புக்குறி போட்டிருப்பார்கள், சிப்பி ஓட்டு அடையாளம் இருக்கும். யாத்திரைக்காரருக்கு என்றே மலிவான விடுதிகள். கையில் ஒரு அட்டை கொண்டுபோய் ஒவ்வொரு ஊரிலும் முத்திரை குத்த வேண்டும். கடைசி 100 கிலோமீற்றராவது நடந்தால்தான் சான்றிதழ். எதிரே வருகிற எல்லோரும் "புவென் காமினோ" என்பார்கள், நல்ல பயணம் என்று அர்த்தம்.

தம்பிக்கு இருக்கிற பயம் எனக்கும் இருந்தது. இரண்டாம் நாள் மலை இறக்கத்தில் முழங்கால் பிடித்துவிட்டது. கொரியாக்காரப் பெரியவர் ஒருவர் தன் ஊன்றுகோல் இரண்டில் ஒன்றை என் கையில் தந்துவிட்டு முன்னால் போய்விட்டார். ஆறு நாளுக்குப் பிறகு ஒரு விடுதி வாசலில் காலை வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். எனக்குக் கொரிய மொழி தெரியாது, அவருக்குத் தமிழும் பிரெஞ்சும் தெரியாது. கோலைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த வாளியைக் காட்டி இரு என்றார். இருவரும் ஒரு மணித்தியாலம் கால் நனைத்துக்கொண்டு இருந்தோம். அந்தக் கோல் இப்போது என் வீட்டுச் சுவரில் சாத்தியிருக்கிறது.

ஒரு கேள்வி: நம் வழியில் இப்படி அடையாளம், விடுதி ஏதாவது உண்டா?

மூதூர் அக்கா | மே 26

அண்ணா, வாசிக்கக் கண் கலங்கிவிட்டது. நம் வழியில் அம்பும் இல்லை, அட்டையும் இல்லை. கோயில்தான் அடையாளம். வெருகல், சித்தாண்டி, மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று முருகன் கோயில்களைப் பிடித்துக்கொண்டு தெற்கே போவது. விடுதிக்குப் பதில் கோயில் மண்டபம், பள்ளிக்கூட விறாந்தை. சாப்பாடு ஊர்ச்சனம். சான்றிதழ் தருவதற்கு ஒருவரும் இல்லை, கேட்பதற்கும் ஒருவரும் இல்லை. உகந்தையில் வந்து சேர்ந்து காட்டை மட்டும் நடக்கிறவர்கள்தான் இப்போது அதிகம். அவர்களைக் குறைவாய் நினைக்கிற பழக்கம் சிலரிடம் வந்திருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. லீவு இல்லாதவன், கைக்குழந்தைக்காரி எல்லாம் எப்படி ஐம்பது நாள் நடப்பது?

ஈச்சிலம்பற்று விவசாயி | மே 27

சமைத்துப் போடுகிற பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. எங்கள் ஊருக்கு வேல் வருகிற நாள் எங்களுக்குத் திருவிழா. முதல் நாளே பூசணி, கத்தரி, முருங்கைக்காய் எல்லாம் வீடு வீடாய்ச் சேர்ந்துவிடும். பெரிய கிடாரத்தில் சோறு. விடிய வருகிறவர்களுக்குக் கஞ்சியும் தேங்காய்ச் சம்பலும்.

நாங்கள் பார்ப்பது ஒன்றுதான்: சாப்பிட்ட இலையை எடுத்துப் போடுகிறார்களா, கிணற்றடியில் பொலித்தீன் விடாமல் போகிறார்களா என்று. முன்பு அப்படி ஒரு பிரச்சினை இருந்ததில்லை. இப்போது போத்தல், சவர்க்காரக் கடதாசி எல்லாம் பொறுக்க வேண்டியிருக்கிறது. காட்டுக்குள் இன்னும் மோசம், யானையும் மானும் அதைத் தின்கின்றன. தம்பி, உங்கள் குப்பை உங்கள் பைக்குள் வரட்டும்.

அப்புறம், சோறு போடுகிற வீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கதையுங்கள். எங்கள் அம்மாவுக்கு நடக்கக் கால் இல்லை. யாத்திரைக்காரர் யாராவது பக்கத்தில் வந்து இருந்து "எங்களோட வாறீங்களா அம்மா" என்று கேட்டுவிட்டுப் போனால், அந்த மாதம் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். கூட நடக்கிறவர்கள் மட்டும்தான் வழித்துணை என்று நினைக்க வேண்டாம்.

கிண்ணியா பாலத்தடி | மே 27

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இந்த இழையை வாசித்துக்கொண்டு வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. 2009இல் பாலம் வருவதற்கு முன்னால் கிண்ணியாத் துறையில் ஃபெரிதான். எங்கள் வாப்பா துறையடியில் தேநீர்க் கடை வைத்திருந்தார். காவி கட்டியவர்கள் ஃபெரிக்கு நிற்கும்போது பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். கதிர்காமத்தில் எங்கள் பள்ளிவாசலும் இருக்கிறது, அங்கும் அதே காலத்தில் கொடி ஏறும். "அவங்க போற இடத்துக்குத்தான் நம்ம ஆக்களும் போறாங்க" என்பார். இப்போது வாப்பா இல்லை. பாலத்தால் ஒரே நடையில் கடந்துவிடுகிறார்கள், நின்று குடிக்க நேரமில்லை. தம்பி, நீங்கள் போகும்போது பாலம் முடிகிற இடத்தில் நான் தேசிக்காய்த் தண்ணீரோடு நிற்பேன், இன்ஷா அல்லாஹ்.

உப்புவெளித் தம்பி | ஜூன் 3

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதிவுகள் முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முள் எடுத்த கதையில் அழுதுவிட்டு "சரி, போயிற்று வா" என்றார். நாளை மறுநாள் வேல் வருகிறது. மோர்க் குடம் இந்த முறையும் வாசலில் இருக்கும்.

உப்புவெளித் தம்பி | ஜூலை 27

வந்துவிட்டேன். கால் ஆற ஒரு கிழமை எடுத்தது, அதுதான் எழுதப் பிந்திவிட்டது.

கோணேசர் வீதி அண்ணா சொன்ன மாதிரியே, முதல் இரண்டு நாளும் ஒருவரும் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. கிண்ணியாப் பாலத்தில் அந்த அண்ணா வாளியோடு நின்றார், மகனையும் கூட்டி வந்திருந்தார். பிள்ளை பேணியில் அள்ளித் தந்தது. குடித்துவிட்டு அதன் தலையில் கை வைத்தேன். வாயில் வந்தது "நல்லா இரு சாமி" என்றுதான். அண்ணா சிரித்தார்.

மூன்றாம் நாள் வெருகலுக்கு முன்னால் பக்கத்தில் ஒரு ஐயா நடந்து வந்தார். வவுனியாப் பக்கம், எழுபதுக்கு மேல் இருக்கும். மெலிந்த தேகம், வெறுங்கால். நான் இளந்தாரி, முன்னால் ஓடி ஓடிக் களைத்து உட்காருவேன். அவர் ஒரே சீராய் வந்து என்னைக் கடந்து போவார். இரண்டு முறை அப்படி நடந்த பிறகு "என்ர நடைக்கு வா" என்றார், அவ்வளவுதான். அன்றில் இருந்து அவர் நடைக்கு நடந்தேன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பிட்டு கிடைத்தால் பாதியை என் இலையில் வைப்பார், நான் போத்தலில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பேன். மகன் 2009இல் காணாமல் போனவர் என்று திருக்கோவிலில் வைத்துத்தான் சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காடு வேறு மாதிரி. உகந்தையில் ஆயிரக்கணக்கில் சனம். பாணமையில் இருந்து வந்த சிங்களக் குடும்பம் ஒன்று எங்களோடு சேர்ந்தது. அவர்களும் "ஹரோஹரா" என்றுதான் கூப்பிட்டார்கள். குமுக்கன் ஆற்றில் அந்தக் குடும்பத்து அண்ணா ஊற்றுத் தோண்டக் காட்டிக் கொடுத்தார். கரையோர மணலை முழங்கை ஆழத்துக்குக் கையால் வாரவேண்டும். முதலில் ஊறுகிற கலங்கல் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றி, மறுபடி ஊற விடவேண்டும். மூன்றாம் முறை கண்ணாடி மாதிரி வரும். அதைத் துணியில் வடித்து முதல் சிரட்டையை ஐயாவிடம் நீட்டினார். ஐயா வாங்கி, குடிக்காமல், அந்த அண்ணாவின் சின்ன மகளுக்குக் கொடுத்தார். எங்கள் ஒருவருக்கும் மற்றவர் மொழி சரியாய் வராது. அன்று இரவு ஒரே நெருப்பைச் சுற்றிப் படுத்தோம்.

நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் எல்லாம் நடந்து மாணிக்க கங்கையில் இறங்கினபோது ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முங்கினார். பிறகு கோயில் கூட்டத்தில் ஒரு இடத்தில் கை விட்டுப் போயிற்று. இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. போன் நம்பர் வாங்காமல் விட்டேனே என்று இப்போதும் மனது அடிக்கிறது. அவரிடம் போன் இருந்ததாகவும் நினைவில்லை.

வாழைச்சேனை 87 | ஜூலை 27

தம்பி, இதற்குத்தான் நம்பர் வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது. ஒரு துண்டில் ஊரையாவது எழுதி வைத்திருக்கலாம்.

கோணேசர் வீதி | ஜூலை 28

எனக்கும் முன்பு நம்பர் வாங்கும் பழக்கம் இருந்தது. 2011இல் வாங்கின பதினொரு நம்பரில் இரண்டோடுதான் இன்னும் தொடர்பு. அந்த இரண்டும் பெரிய சொத்து, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2018இல் சித்தாண்டிக் கோயிலுக்குள் நுழைகிறேன், 2011இல் என்னோடு காடு கடந்த அம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கிறார். நம்பர் இல்லை, பெயர் தெரியாது. "மெலிஞ்சு போனாய் சாமி" என்றார்.

தம்பி, அந்த ஐயா வருடா வருடம் நடக்கிறவரா?

உப்புவெளித் தம்பி | ஜூலை 28

இது தன்னுடைய ஒன்பதாவது நடை என்று ஒருமுறை சொன்னார் அண்ணா.

கோணேசர் வீதி | ஜூலை 28

அப்படியென்றால் வருகிற வருடம் நிலாவெளி றோட்டால்தான் வருவார்.

உப்புவெளித் தம்பி | ஜூலை 28

அம்மாவும் அதைத்தான் சொன்னார். மோர் ஊற்றும்போது வெறுங்காலோடு வருகிற மெலிந்த ஐயாமார் எல்லோரையும் நிறுத்தி வவுனியாவா என்று கேட்கப் போகிறாராம்.